ராத்திரி முழுக்க ஆள் இல்லாமல் ஓடும் சிடி ஸ்கேன் மெஷின்: அணைக்கலாமா?

தென்பெண்ணைக்கரை:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் ரேடியோகிராபராக வேலை பார்க்கிறேன். ஒரு 16 ஸ்லைஸ் சிடி, ஒரு 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ, ஒரு டிஜிட்டல் எக்ஸ்ரே, இரண்டு அல்ட்ராசவுண்ட் இருக்கின்றன. பகலில் மூச்சுவிட நேரம் இருக்காது. ராத்திரி ஒன்பது மணிக்குள் கடைசி பேஷன்ட் போய்விடுவார். அப்புறம் ஆன் கால்தான். பைபாஸில் விபத்து, யாருக்கோ வாய் கோணிக்கொண்டது என்று பக்கத்து நர்சிங் ஹோமிலிருந்து கூப்பிட்டால் ஓடி வருவேன். பெரும்பாலான ராத்திரிகளில் போன் வராது.

ஆனால் மெஷின் எதையும் நாங்கள் நிறுத்துவதில்லை. சிடி அறையில் விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்த்தால் கேன்ட்ரிக்குள், அதாவது மெஷினின் பெரிய வளையத்துக்குள், ஃபேன் ஒரே சீராக ஓடுகிற சத்தம் கேட்கும். பின்பக்கம் கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று வரும். அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி 18-இல் ஓடிக்கொண்டிருக்கும். கன்சோல் மானிட்டர்கள், ரிப்போர்ட் எழுதுகிற கம்ப்யூட்டர், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் இன்ஜெக்டர், பிலிம் பிரிண்டர் எல்லாம் ஆனில்தான். யூபிஎஸ் அறைக்குள் போனால் வேர்த்துவிடும்.

கோடையில் வந்த கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, "இனிமேல் ராத்திரி ஸ்கேன் அறை ஏசியை நிறுத்திவிடுங்கள், மெஷினைத் தொடாதீர்கள்" என்று எங்கள் மேனேஜர் சொல்லியிருக்கிறார். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. மெஷினை நிறுத்திவிட்டு ஏசியை மிதமாக ஓட விடுவதுதானே முறை? கேட்டால், "சிடியை அணைத்து அணைத்துப் போட்டால் எக்ஸ்ரே டியூப் போய்விடும், எம்ஆர்ஐயில் ஹீலியம் போய்விடும்" என்கிறார்கள். எது உண்மை, எது பழக்கத்தில் சொல்வது?

பில் மட்டும் என் கவலை இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது எங்கள் தெருவும் தண்ணீரில்தான் இருந்தது. ஒரு மழைக்குக் காரணம் பூமி சூடாவதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சூடு கூடக்கூட மழை இப்படித்தான் மொத்தமாகக் கொட்டும் என்று படித்த பிறகு, ஆளே இல்லாத அறையில் விடிய விடிய கரண்ட் எரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டார்க் ரூம்:

தங்கச்சி, மேனேஜர் எழுத்தில் தராமல் எதிலும் கை வைக்காதே. காலையில் மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் கேள்வி உன்னிடம்தான் வரும். சர்வீஸ் இன்ஜினியரிடம் கேட்டு, அவர் சொன்னதை மெயிலில் வாங்கி வைத்துக்கொள். உன் கேள்வி நியாயமான கேள்வி, அதனால்தான் சொல்கிறேன்.

லாஸ்பேட்டை பயோமெடிக்கல்:

புதுச்சேரியில் மருத்துவமனைக் கருவிகள் பராமரிப்பில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

முதலில் உங்கள் மேனேஜர் சொன்னது. மெஷின் ஓடும்போது ஏசியை மட்டும் நிறுத்துவது இருப்பதிலேயே மோசமான வழி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எக்ஸ்ரேயை வாங்கிப் படமாக்கும் சிடி டிடெக்டர் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் காலிப்ரேஷன், அதாவது அதன் அளவு சரிபார்ப்பு, நிற்கும். அறை சூடானால் அது நழுவும். மறுநாள் காலை எடுக்கிற தலை ஸ்கேனில் வட்ட வட்டமாகக் கோடு விழும். அதைவிடப் பெரிய பிரச்சினை நம் ஊர்க் காற்று. கடலிலிருந்து வரும் ஈரமும் உப்பும் பூட்டின அறைக்குள்ளும் வந்துவிடும். ராத்திரி முழுக்க ஈரம் ஏறின அறையில் காலையில் திடீரென்று 18-இல் ஏசி போட்டால் குளிர்ந்த இடத்திலெல்லாம் நீர் பூக்கும். போர்டில் உப்பு படிந்து பச்சை பிடித்திருப்பதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு போர்டின் விலைக்குப் பல மாத ஏசி பில்லைக் கட்டலாம்.

இனி சிடி. எக்ஸ்ரே உண்டாவது ஒரு ஸ்கேனுக்குச் சில நொடிகள்தான். அந்த நொடிகளில் மெஷின் நிறைய இழுக்கும், சரி. ஆனால் மற்ற நேரமெல்லாம் டிடெக்டரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர், கேன்ட்ரி எலக்ட்ரானிக்ஸ், படத்தைக் கோக்கும் கம்ப்யூட்டர், ஃபேன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் மூன்று சிடிக்கும் நான்கு எம்ஆர்ஐக்கும் ஓர் ஆண்டு மின் செலவை அளந்து 2020-இல் 'ரேடியாலஜி' இதழில் எழுதினார்கள். ஒரு சிடிக்கு ஆண்டுக்குச் சுமார் 26,000 யூனிட். அதில் மூன்றில் இரண்டு பங்கு, மெஷினில் யாரும் படுத்திருக்காத நேரத்தில் போனது. எம்ஆர்ஐ ஒன்றுக்குச் சராசரியாக 1,34,000 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கு 'ஆஃப்' என்று நாம் நினைக்கிற நிலையில் போனது. இந்த ஏழு மெஷினையும் குளிர வைக்க மட்டும் தனியாக 4,92,000 யூனிட்டுக்கு மேல். எல்லாம் சேர்த்து 11 லட்சம் யூனிட், அந்த மருத்துவமனையின் மொத்த எரிசக்திச் செலவில் 4 சதவீதம்.

கவனியுங்கள், அது பனி பெய்கிற ஊர். அங்கேயே மெஷின் சாப்பிட்டதில் எண்பது சதவீதம் அளவுக்குக் குளிர்ச்சி சாப்பிட்டிருக்கிறது. மே மாதக் கடலூரை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சிடியை ராத்திரி அணைத்தால் டியூப் போய்விடும் என்பது, முறையில்லாமல் அணைப்பவர்களைப் பார்த்து வந்த பேச்சு. மெயின் பிரேக்கரைத் தட்டி அணைப்பது வேறு. கன்சோலில் ஷட்டவுன் கொடுத்து, கம்ப்யூட்டர் முழுதாக நின்றபின் அந்த மாடலின் கையேடு சொல்கிற வரிசையில் கேன்ட்ரி பவரை எடுப்பது வேறு. காலையில் முதல் பேஷன்ட்டுக்கு முன் போதுமான நேரம் விட்டு ஆன் செய்து, டிடெக்டர் சூடு நிலைக்கு வந்ததும் டியூப் வார்ம் அப், ஏர் காலிப்ரேஷன் இரண்டையும் தவறாமல் ஓட்ட வேண்டும். வார்ம் அப் இல்லாமல் குளிர்ந்த டியூபில் நேரடியாக முழு லோடு கொடுப்பதுதான் டியூபைக் கொல்கிறது. சில மாடல்களில் கேன்ட்ரியை முழுதாக அணைக்க வேண்டாம், ஸ்டாண்ட்பை போதும் என்று கம்பெனியே சொல்லும். உங்கள் மாடலுக்கு எது என்று சர்வீஸ் இன்ஜினியரிடம்தான் கேட்க வேண்டும், நான் இங்கிருந்து சொன்னால் தப்பு.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பக்கவாத நோயாளி ராத்திரி உங்களிடம் வருவார் என்றால் சிடியை அணைக்காதீர்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் மூளை. ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று சிடி பார்த்துத்தான் ஊசி போடுவார்கள். மெஷின் எழுந்திருக்க எடுக்கும் நேரத்தை அந்த மனிதரால் தர முடியாது. ராத்திரி அவசர கேஸ் எடுக்கிறோமா இல்லையா என்பதை உங்கள் ரேடியாலஜிஸ்ட் தெளிவாக முடிவு செய்து எழுதிக் கொடுக்கட்டும். எடுக்கிறோம் என்றால் சிடியை விட்டுவிட்டு மற்றதை அணையுங்கள். ரிப்போர்ட் கம்ப்யூட்டர், மானிட்டர், பிலிம் பிரிண்டர், இன்ஜெக்டர், அல்ட்ராசவுண்ட் இரண்டும். அல்ட்ராசவுண்டை ராத்திரி ஆனில் விட ஒரு காரணமும் கிடையாது.

எம்ஆர்ஐ. இதில்தான் பயம் நியாயமானது, ஆனால் பாதிதான் நியாயமானது. உள்ளே நியோபியம் டைட்டானியம் கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் முங்கிக் கிடக்கிறது. அந்தக் குளிரில்தான் அது மின்தடை இல்லாமல் காந்தமாக நிற்கும். அறைக்குள் போனால் 'சுக் சுக்' என்று ஒரு சத்தம் ராத்திரி பகலாகக் கேட்குமே, அது கோல்டு ஹெட். ஆவியாகிற ஹீலியத்தைத் திரும்பவும் திரவமாக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு ஹீலியம் கம்ப்ரசர், அந்தக் கம்ப்ரசரைக் குளிர வைக்கச் சில்லர் மெஷின் தரும் குளிர்ந்த தண்ணீர். இந்த மூன்றையும் யாரும், எதற்காகவும், எந்த மேனேஜர் சொன்னாலும் அணைக்கக் கூடாது. அந்தச் சத்தம் நின்றால் உடனே போன் எடுக்க வேண்டும்.

ஆனால் காந்தத்தைத் தவிர மெஷினில் நிறைய இருக்கிறது. கிரேடியன்ட் ஆம்ப்ளிஃபையர், ஆர்எஃப் கேபினெட், கன்சோல், படத்தைக் கோக்கும் கம்ப்யூட்டர். மெனுவில் 'சிஸ்டம் ஆஃப்' கொடுத்தால் இவை நிற்கும், குளிர்ச்சி தொடரும். கம்பெனியே அப்படித்தான் செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அளந்து 2023-இல் வெளியிட்டார்கள்: ராத்திரி 12 மணி நேரம் ஐடிலில், அதாவது வேலையில்லாமல் ஆனில், விடாமல் ஆஃபில் போட்டால் மின்செலவு 25 முதல் 33 சதவீதம் குறைகிறது. அதற்கு மேல் பவர் சேவ் வசதி இருக்கிற மெஷின்களில் இன்னும் 22 முதல் 28 சதவீதம் குறைகிறது. புதிதாக ஒன்றும் வாங்காமல் ஒரு பட்டனில் கிடைக்கிற மிச்சம் இது. ஒரு மெஷினுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் யூனிட்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்தது ஞாபகம் இருக்கும். போஸ்ட் எல்லாம் சாய்ந்து, கரண்ட் வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது எனக்கு வேலையே ஒரு எம்ஆர்ஐ சில்லரை ஜெனரேட்டரில் உயிரோடு வைத்திருப்பதுதான். டீசல் கேனைச் சைக்கிளில் கட்டி ஒவ்வொரு பங்க்காக அலைந்தோம். கம்ப்ரசர் நின்றால் ஹீலியம் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ரொம்ப இறங்கினால் காந்தம் குவென்ச் ஆகி, அதாவது சட்டென்று சூடேறிக் காந்தத்தன்மை போய், மொத்த ஹீலியமும் குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடும். போனால் திரும்பாது. ஹீலியம் இயற்கை எரிவாயுவோடு பூமிக்கு அடியிலிருந்து எடுப்பது, நாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். பழைய வகை மெஷினில் 1,500 லிட்டருக்கு மேல் இருக்கும். இப்போது வெறும் 7 லிட்டரை மூடி முத்திரையிட்டு வைத்த காந்தங்களும் வந்துவிட்டன. அடுத்த மெஷின் வாங்கும்போது உங்கள் முதலாளி ஸ்லைஸ், டெஸ்லா, விலையோடு இதையும் கேட்க வேண்டும். ஐடிலில் எத்தனை கிலோவாட், ஆஃபில் எத்தனை கிலோவாட் என்று கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் பார்த்த அளவில் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒரு வேலை. பேனலில் சிடிக்குத் தனியாக ஒரு எனர்ஜி மீட்டர் போடச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அது ஒரு மணி நேர வேலை. ராத்திரி பூட்டும்போதும் காலையில் திறக்கும்போதும் ரீடிங் எழுதுங்கள். மேனேஜரிடம் வாதம் வேண்டாம், அந்த நோட்டைக் காட்டுங்கள்.

முதலியார்பேட்டை ஏசி:

அண்ணன் சொன்னதற்கு மேல் ஏசி பற்றி மட்டும். 18-இல் ஏன் ஓடுகிறது? எந்த மெஷின் கையேட்டிலும் 18 கேட்டிருக்காது. பெரும்பாலும் 22 பக்கம்தான் இருக்கும், ஈரப்பதத்துக்கும் ஓர் அளவு போட்டிருப்பார்கள். அதை எடுத்துப் பாருங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பே சொல்கிறது. நான்கு டிகிரி ஏற்றினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கு நான் சர்வீஸ் போகிறேன், பேஷன்ட் நடுங்கிக்கொண்டு படுத்திருப்பார்.

அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில் மேற்கு வெயிலில் இருக்கிறதா? காயிலைத் தொட்டுப் பாருங்கள், கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம் ஃபின் உப்பில் அரித்துப் பொடியாக உதிரும். அப்படி இருந்தால் கம்ப்ரசர் இரண்டு மடங்கு நேரம் ஓடும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம் கேஸ். "கூலிங் இல்லை, கேஸ் போடு" என்று வருஷா வருஷம் போடுகிறார்கள். கேஸ் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் போடுவது வானத்தில் போடுவதுதான். 410ஏ கேஸ் ஒரு கிலோ வெளியே போனால் இரண்டாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்22-உம் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான், 1,800. ஆர்32 என்றால் 675. உங்கள் ஏசிக்காரர் பழைய கேஸைக் கழற்றிக் காற்றில் விட்டுவிட்டுப் புதிதாகப் போட்டால் விடாதீர்கள், ரிக்கவரி மெஷின் கொண்டுவரச் சொல்லுங்கள். என் தொழிலில் இருப்பவர்களே இதைச் செய்கிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை.

நிழலும் ஒளியும்:

நான் ரேடியாலஜிஸ்ட், புதுச்சேரி. மெஷினைப் பற்றி நல்ல பதில்கள் வந்துவிட்டன. நான் மெஷினில் படுப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்கேனுக்கு எவ்வளவு கரியமில வாயு என்று மின்சாரம், துணி, ஊசி எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு 2022-இல் வெளியிட்டார்கள். எம்ஆர்ஐ ஒன்றுக்கு 17.5 கிலோ, சிடி 9.2 கிலோ, நெஞ்சு எக்ஸ்ரே 0.8 கிலோ, அல்ட்ராசவுண்ட் 0.5 கிலோ. அவர்கள் மின்சாரமும் நம்முடையதுபோல் நிலக்கரியை நம்பியது என்பதால் இந்த எண்கள் நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. ஒரு எம்ஆர்ஐக்கு முப்பதுக்கு மேல் அல்ட்ராசவுண்ட். பித்தப்பைக் கல்லுக்கு, குழந்தையின் குடல்வால் வலிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் போதும். கதிர்வீச்சும் இல்லை, செலவும் குறைவு. ஆனாலும் நேராக சிடி எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

இதைவிட என்னை வருத்துவது திரும்ப எடுப்பது. பண்ருட்டி பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா. முதுகில் கட்டி என்று சந்தேகம். கடலூரில் எங்கோ எம்ஆர்ஐ எடுத்து, மஞ்சள் துணிப்பையில் பிலிமைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நான்கு பிலிம்கள், ஒவ்வொன்றிலும் தபால்தலை அளவில் படங்கள். வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது பூச்சு உரிந்துவிட்டது. படத்தைப் பதிந்த தட்டும் தரவில்லை, லிங்க்கும் தரவில்லை. சர்ஜனுக்கு அளவெடுக்க வேண்டும், குறுக்குவெட்டுப் படம் முழுவதும் வேண்டும். வேறு வழியில்லாமல் திரும்பப் படுக்க வைத்தோம். முக்கால் மணி நேரம் அந்தக் குழாய்க்குள், முதுகு வலியோடு. அந்த அம்மாவின் பணமும் போனது, ஒரு முழு ஸ்கேனின் மின்சாரமும் போனது. முதல் ஸ்கேன் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், அதைப் பத்திரமாகக் கொடுத்து அனுப்பவில்லை என்பதுதான் குறை.

கடலூர், சிதம்பரம், விழுப்புரம் எல்லாப் பக்கமிருந்தும் ஜிப்மருக்கும் இங்கிருக்கிற மற்ற மருத்துவமனைகளுக்கும் தினமும் ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் பை. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் அம்மா. ராத்திரி அணைப்பதோடு இதையும் செய்யுங்கள்: ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் முழுப் படத்தையும் டைகாம் என்ற மூல டிஜிட்டல் வடிவில் தட்டிலோ லிங்க்கிலோ கொடுங்கள், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்" என்று வாயால் சொல்லி அனுப்புங்கள். பிலிமைவிட அது மலிவு, அதோடு ஒவ்வொரு பிலிமும் பிளாஸ்டிக்கும் வெள்ளியும்தான்.

சாதாரண இடுப்பு வலிக்கு ஆறு வாரத்துக்குள் எம்ஆர்ஐ வேண்டாம் என்று உலகம் முழுக்க வழிகாட்டு நெறி இருக்கிறது. கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சல், முன்பு புற்றுநோய் வந்தவர், இவையெல்லாம் விதிவிலக்கு, அவர்களுக்கு உடனே எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு எடுத்தால் வயதுக்கு ஏற்ற தேய்மானம் நாலு தெரியும், அதைப் படித்துவிட்டு அவர் பயந்துபோவார், வலி கூடத்தான் செய்யும். வேண்டாத ஸ்கேனை நிறுத்துவது நோயாளிக்கும் நல்லது. வேண்டிய ஸ்கேனை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டையும் நான் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'சுற்றுச்சூழல்' என்று ஆரம்பித்தால் ஏழைக்கு ஸ்கேன் மறுக்கிற பேச்சாக அதைத் திருப்பிவிடுவார்கள்.

பழுப்பு நிலக்கரி:

நெய்வேலி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கெல்லாம் ஒரு எண், எங்களுக்கு அது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அதைத் தோண்ட நிலத்தடி நீரை ராத்திரி பகலாக இறைத்து வெளியே விட வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் மண்வெட்டும் எந்திரம் இறங்கியதை டிவியில் எல்லாரும் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வேண்டாம் என்று நான் சொல்வேனா? என் அப்பாவுக்கு நெஞ்சு சிடி எடுத்துத்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். யாரும் படுக்காத மெஷினுக்கு எங்கள் மண் எரிய வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். அக்கா, கேள்வி கேட்டதற்கு நன்றி.

தென்பெண்ணைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பொறுமையாகப் படித்தேன். நெய்வேலித் தம்பி, உங்கள் பதிலைப் படித்த பிறகு மேனேஜரிடம் பேசத் தயக்கமே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் டாக்டர் பக்கவாத கேஸ் விஷயத்தில் லாஸ்பேட்டை அண்ணன் சொன்னதையேதான் சொன்னார். நாங்கள் அவசர கேஸ் எடுக்கிறோம், ஆகவே வார நாட்களில் சிடி கேன்ட்ரி ஆனில்தான் இருக்கும். ஞாயிறு மட்டும் பக்கத்தில் இன்னொரு இடத்தில் சிடி திறந்திருப்பதால், நர்சிங் ஹோமுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு அன்று முழு ஷட்டவுன். சர்வீஸ் இன்ஜினியர் மெயிலில் வரிசையை அனுப்பிவிட்டார், எங்கள் மாடலில் முழு ஷட்டவுன் செய்யலாம் என்றே இருக்கிறது. எம்ஆர்ஐ தினமும் ராத்திரி சிஸ்டம் ஆஃப். சில்லர், கம்ப்ரசர் ஸ்விட்ச் இரண்டிலும் சிவப்புத் தாளில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டிவிட்டேன். ஏசி 22-க்கு வந்துவிட்டது, ஓர் ஈரப்பத மானியும் வாங்கி மாட்டியிருக்கிறோம்.

மீட்டர் போட்டாயிற்று. யாரும் வராத ஒரு ராத்திரியில் சிடி மட்டும் பூட்டினதிலிருந்து திறக்கும்வரை இருபது யூனிட்டை ஒட்டி ஓடியிருக்கிறது. ஒரு வருஷ ராத்திரிகளுக்கு 7,000 யூனிட்டுக்கு மேல். யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தாலும் ஐந்து டன். நோட்டைப் பார்த்துவிட்டு மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எம்ஆர்ஐக்கும் ஒரு மீட்டர் போடலாம் என்றார்.

இன்னும் ஒரு கேள்வி. சிடி காண்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) பாட்டிலில் மிச்சம் இருப்பதை இதுவரை சிங்க்கில்தான் ஊற்றுகிறார்கள். எம்ஆர்ஐக்குப் போடும் கேடோலினியம் மிச்சமும் அப்படித்தான். எங்கள் சாக்கடை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், கெடிலம் ஆற்றுக்கு. இதை என்ன செய்வது?

நிழலும் ஒளியும்:

நல்ல கேள்வி. அயோடின் காண்ட்ராஸ்டும் கேடோலினியமும் உடம்பில் மாறாமல் ஒரு நாளில் பெரும்பாலும் சிறுநீரில் வந்துவிடும். கழிவுநீர் சுத்திகரிப்பில் அது பெரிதாகப் பிடிபடாது. ஜெர்மனியில் ரைன் நதியில் கேடோலினியம் இயல்புக்கு மேல் இருப்பதை 1996-லேயே கண்டுபிடித்து எழுதினார்கள், காரணம் எம்ஆர்ஐ. நோயாளியின் உடம்பிலிருந்து போவதை இப்போதைக்கு நாம் தடுக்க முடியாது. ஐரோப்பாவில் சில இடங்களில் ஸ்கேன் முடிந்தவரிடம் சிறுநீர்ப் பை கொடுத்துச் சேகரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் பாட்டிலில் மிச்சம் இருப்பது முழுக்க நம் கையில். எடைக்கு ஏற்ற டோஸ் மட்டும் எடுங்கள், பெரிய பாட்டிலை எடுத்துப் பாதி ஊற்றுகிற பழக்கம் போகட்டும். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளில், வேண்டாமென்று கழித்த மருந்துகள் மஞ்சள் பையில் போட வேண்டிய வகை. பாட்டிலோடு மூடி, கழிவு எடுக்க வருபவரிடம் தனியாகச் சொல்லி ஒப்படையுங்கள்.

லாஸ்பேட்டை பயோமெடிக்கல்:

ஒரு திருத்தம் மட்டும் தங்கச்சி. ஞாயிறு முழுக்க சிடியை அணைத்துவிட்டுத் திங்கள் காலை வழக்கமான நேரத்துக்கு வராதீர்கள், அன்று டிடெக்டர் நிலைக்கு வர நேரம் கூடுதலாக ஆகும். உங்கள் இன்ஜினியர் அனுப்பிய மெயிலில் எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கிறாரா பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். முதல் பேஷன்ட்டுக்கு முன் வாட்டர் பேன்டம் (தண்ணீர் நிரப்பிய சோதனை உருளை) வைத்து ஒரு ஸ்கேன் எடுத்து, வட்டக் கோடு இல்லை என்று பார்த்தபிறகு ஆளைப் படுக்க வையுங்கள். எம்ஆர்ஐ மீட்டர் ரீடிங் வந்ததும் இங்கேயே போடுங்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு பேனலில் மீட்டர் மாட்டச் சொல்லியிருக்கிறேன், இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.